ஞாபகத்துக்கு ஒரு பேட்டரி

காரைக்கால்
10-2-1986

சேசு மரி சூசை துணை

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

ஆரோக்கியசெல்வி எழுதிக்கொள்வது. நானும் அத்தையும் இங்கே சுகம். உங்கள் இருமல் நின்றதா இல்லையா என்பதை அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே எழுதுங்கள். போன தடவை மடிப்பு ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். ஏரோகிராமைக் கிழிக்கும்போது இருமலும் சேர்ந்து கிழிந்துபோயிற்று.

கடை விஷயமாக ஒரு முடிவு சொல்ல வேண்டும். மாதா கோயில் வீதியில் நீங்கள் வைத்துவிட்டுப் போன அதே மூலையில்தான் வீடியோ கேம் பெட்டி நிற்கிறது. அது மட்டும்தான் நிற்கிறது. ஆட வந்து நிற்பவர்களைக் காணோம்.

கடைத்தெருவில் முகம்மது இப்ராஹிம் பாய் சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டு வந்திருக்கிறார். பார்க்க டைப் அடிக்கிற மிஷின் மாதிரி இருக்கிறது. கலர் டி.வி.யில் மாட்டி, டேப் ரிக்கார்டரில் கேசட் போட்டால் ஆட்டம் வருகிறது. கேசட்டை மாற்றினால் ஆட்டமும் மாறிவிடுகிறது. ஒன்றில் கார் ஓட்டுகிறார்கள், ஒன்றில் குரங்கு தாவுகிறது. நம் பெட்டியில் நீங்கள் இருந்தபோதும் மேலேயிருந்து பூச்சி இறங்கியது, கீழேயிருந்து சுட்டோம். இன்றைக்கும் அதேதான். நேற்று ஒரு பயல் வாசலிலேயே நின்றுகொண்டு, "இன்னுமாக்கா இந்தப் பூச்சியெல்லாம் சாவல?" என்று கேட்டுவிட்டுப் பாய் கடைக்கு ஓடிவிட்டான்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இதே பெட்டியை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் போர்டை மட்டும் மாற்றுவது. மெட்ராசில் அப்படிப் போர்டு கிடைக்கிறதாம். டி.வி., பிடித்து ஆட்டுகிற ஸ்டிக், காசு போடுகிற வாய் எல்லாம் அப்படியே இருக்கும், ஆட்டம் மட்டும் புதுசு. இன்னொன்று, பெட்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பாய் வைத்திருப்பது போல நாமும் கம்ப்யூட்டருக்கு மாறுவது. எதுவானாலும் மாங்கனித் திருவிழாவுக்கு முன்னால் செய்தாக வேண்டும். அந்தக் கூட்டத்தையும் விட்டுவிட்டால் கடையைச் சாத்திவிட வேண்டியதுதான். உங்கள் பெட்டி, நீங்கள் சொல்லுங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன். சுரக்குடி ரேடியோ மெக்கானிக் செல்லையன் அண்ணன் போன வாரம் வந்திருந்தார். ஞாபகத்துக்கு ஒரு பேட்டரி கொடுத்தார். எவ்வளவு சொல்லியும் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
ஆரோக்கியசெல்வி

*

பாரீசு பக்கம், சார்செல்
27-2-1986

ஆரோக்கியத்துக்கு,

இருமல் நின்னுடுச்சு. மொத வரியிலயே எழுதிட்டேன், பாத்துக்க.

ஒன் கடுதாசி வந்தப்ப நான் தட்டு கழுவிக்கிட்டு இருந்தேன். இங்க ஓட்டல்ல ஒரு ஆளுக்கு எத்தன தட்டு வெக்கிறான் தெரியுமா? சூப்புக்கு ஒண்ணு, கறிக்கு ஒண்ணு, பாலாடக்கட்டிக்கு ஒண்ணு. நம்ம ஊர்ல ஒரு எலயில முடிக்கிற சோலிக்கு இவன் பீரோவையே எறக்கி வெக்கிறான். அந்த ஈரக் கையோடயே ஒன் கடுதாசியப் படிச்சேன். அதனால மை கொஞ்சம் ஓடிப்போச்சு. ஆனா படிக்கக் கூடாததெல்லாம் நல்லாத் தெரிஞ்சுது.

அதுக்கு அப்பறமா வாறேன். மொதல்ல பெட்டி. அந்தப் பெட்டிய நான் எப்புடிக் கொண்டாந்தேன்னு ஒனக்கு மறந்துபோச்சுன்னு நெனைக்கிறேன். பாண்டிச்சேரியில ஒரு ஓட்டல்காரன் வேணாம்னு வெளிய தள்ளுனான். நான் கத்திரிக்கா லாரியில ஏத்திக்கிட்டு வாறேன். லாரிக்காரன் வழி பூரா அவன் மச்சினிச்சி கல்யாணத்தப் பத்திப் பேசிக்கிட்டே வந்தான், அந்தக் கல்யாணத்துல பாயசத்துல உப்பு விழுந்த கதைய ரெண்டு தரம் சொன்னான். பூவத்துக்கு இந்தாண்ட செக்போஸ்ட்ல நிறுத்திட்டாங்க. போலீசுக்காரரு சாக்க வெலக்கிப் பாத்துட்டுத் தொப்பியக் கழட்டிட்டாரு. "யாருய்யா செத்தது?"ன்னாரு. நெட்டுக்குத்தலா இருந்த பெட்டியப் படுக்க வெச்சிருந்தேன்ல, சவப்பெட்டின்னு நெனச்சுட்டாரு. "இல்லைங்க ஐயா, இது வெளையாட்டுச் சாமான்"ன்னேன். "வெளையாடுறியா எங்கிட்ட? உள்ள எத்தன பாட்டில் வெச்சிருக்கே?"ன்னு தட்டித் தட்டிப் பாத்தாரு. கடைசியில அங்க இருந்த டீக்கடையில வயரு சொருகி, அவருக்கு ஒரு ஆட்டம் போட்டுக் காமிச்சப்பறந்தான் விட்டாரு. விட்டாருன்னா ஒடனே விடல. நாலஞ்சு ஆட்டம் ஆடிட்டுத்தான் விட்டாரு.

அப்புடி வந்த பெட்டி. அதுல யாரும் தொட முடியாத நம்பர எடுத்து எம் பேர மேல போட்டேன். எஸ், ஏ, என். சந்தனசாமிங்கிற பேருல எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசே அந்த மூணு எழுத்துதான். எம் பேரு இன்னும் மேல இருக்கா? அதப் பத்தி ஒரு வார்த்த எழுதல நீ.

இப்ப அந்த வெசயத்துக்கு வாறேன். பேட்டரிய எவனாவது ஞாபகத்துக்குக் குடுப்பானா? மோதிரம் குடுப்பாங்க. கைக்குட்ட குடுப்பாங்க. வேளாங்கண்ணி படம் போட்ட பீங்கான் தட்டு குடுப்பாங்க. பேட்டரி குடுத்து எம் பொழப்புல நான் கேட்டதே இல்ல. ஒன் ஞாபகத்துல அவன் எதுக்கு இருக்கணும்? அது என்ன பேட்டரி, டார்ச் லைட்டுக்குப் போடுறதா? இருட்டுல எங்க போற நீ? காசு வேற வாங்கலியாம். அவன் சொந்தத் தங்கச்சி ரேடியோவுக்கே காசு வாங்குனவன் அவன், எனக்குத் தெரியும்.

இந்தப் பழைய பெட்டியால வாறதுதான் இதெல்லாம். அது கெட்டுப்போகும், அவன் வருவான். கெட்டுப்போகும், வருவான். போர்டும் மாத்த வேணாம், மண்ணும் மாத்த வேணாம். பெட்டிய வித்துடு. நான் இங்கேருந்து புதுக் கம்ப்யூட்டரே அனுப்புறேன். எங்க ஓட்டல் கல்லாவுல இசபெல்லான்னு பாண்டிச்சேரி பொம்பள இருக்கு. நல்லாப் பேசும், சிரிச்ச மூஞ்சி. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு அதுதான் என்னயக் கடைக்குக் கூட்டிட்டுப் போயி எது நல்லதுன்னு காமிச்சிச்சு. ஒண்ணப் பாத்து வெச்சிருக்கோம். ஒட்டுன டப்பா, திறக்கவே முடியாது. எந்த மெக்கானிக்கும் கை வெக்க வேண்டியதில்ல.

சந்தனசாமி

*

காரைக்கால்
14-3-1986

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தைக்கு வாசித்துக் காட்டினேன், சில இடங்களை விட்டுவிட்டு.

செக்போஸ்ட் கதை எனக்கு மறக்கவில்லை. நீங்கள் ஊரில் இருந்தவரை வாரத்துக்கு ஒரு தரம் கேட்டிருக்கிறேன். முன்பெல்லாம் அந்தப் போலீஸ்காரர் ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடினார்.

பிரான்ஸ் கம்ப்யூட்டரைப் பற்றி விசாரித்தேன். அங்கே டி.வி.யின் முறையே வேறாம். அந்த ஊர் கம்ப்யூட்டர் பேசுவது இந்த ஊர் டி.வி.க்குப் புரியாதாம். படம் வந்தால் அதிர்ஷ்டம், கலர் வரவே வராது. இதைச் செல்லையன் சொன்னதாக எழுதினால் உங்களுக்கு ஆகாது என்று தெரியும். அதனால் இப்ராஹிம் பாயிடமே போய்க் கேட்டேன். "வாங்க தங்கச்சி, கடைய வேவு பாக்க வந்தீங்களா?" என்று சிரித்துவிட்டு அவரும் அதையேதான் சொன்னார். அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிற கஷ்டத்தையும் மறைக்காமல் காட்டினார். அதில் காசு போடுகிற வாய் கிடையாது. ஆள் ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, "எழுந்திருடா, நேரம் முடிஞ்சுது" என்று கத்த வேண்டும். கேசட் கீச்சுகீச்சென்று கத்திக்கொண்டே இருக்கும், ஆட்டம் வருவதற்குள் பயல்கள் வெளியே போய் ஐஸ் தின்றுவிட்டு வந்துவிடுகிறார்கள். முக்கால்வாசி வந்து நின்றுபோனால் மறுபடி முதலிலிருந்து. இதற்குள் நாலு எழுத்துக் கட்டை உடைந்துவிட்டது.

நம் பெட்டியை எந்தப் பயல் எப்படி அறைந்தாலும் தாங்குகிறது. ஆனாலும் கூட்டம் அங்கேதான் இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை.

ஞாபகம் என்றால் என்னவென்று செல்லையனுக்கே ஒரு கார்டு போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இருட்டில் எங்கும் போகவில்லை. உங்கள் பேர் பெட்டியில் இருக்கிறது.

நானும் ஒன்று கேட்கிறேன். அந்த இசபெல்லா யார்? கல்லாவில் இருக்கிறவருக்குக் கல்லாவில் வேலை இல்லையா? "பாத்து வெச்சிருக்கோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருஷமாக நீங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் நான், நான் என்றுதான் இருக்கிறது. இந்த ஒரு இடத்தில்தான் "ஓம்" வந்திருக்கிறது. அவர் பார்த்து வைத்த டப்பா என் கடையில் ஏறாது. டி.வி. ஒத்துக்கொண்டாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
ஆரோக்கியசெல்வி

*

சார்செல்
3-4-1986

ஆரோக்கியத்துக்கு,

போன கடுதாசியில செல்லையன் அண்ணன்னு எழுதுன. இந்தக் கடுதாசியில வெறும் செல்லையன். ரெண்டு எடத்துலயும் வெறும் செல்லையன். நடுவுல அண்ணன் எங்க போனாரு? நான் படிக்காதவன்தான், ஆனா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்குத்தான் ஒரு எழுத்து கொறஞ்சாலும் தெரியும். வேகமாப் படிக்கிறவன் தாண்டிப் போயிடுவான்.

மரியமுத்து லீவு முடிஞ்சு வந்துட்டான். கோவில்பத்து மரியமுத்து, என்னோட அடுப்படியில வேல பாக்குறவன், அவன் அம்மா கூட நம்ம கல்யாணத்துல பந்தியில எடம் கெடைக்கலன்னு கோவிச்சுக்கிட்டுப் போயி கொல்லையில ஒக்காந்திருந்திச்சே, அவங்க மவன். ஒரு பொட்டலம் கருவாடு கொண்டாந்தான். ஆசயா வாங்கி மோந்து பாத்தேன். அப்பத்தான் சொல்றான், "அண்ணே, ஒங்க கடையில போயி ஒரு ஆட்டம் போட்டேண்ணே. ஒங்க பேரு ரெண்டாவதா இருக்கு"ங்கிறான்.

கருவாட்டக் கீழ வெச்சிட்டேன்.

"மொதல்ல யாருடா?"ன்னேன். "எஸ், ஈ, எல்"ங்கிறான். எனக்கு எங்க தெரியும் அந்த எழுத்தெல்லாம். "அப்புடின்னா?"ன்னேன். "செல்"லுங்கிறான். அப்பறம் அவனே வாயப் பொத்திக்கிட்டான். மேல எதுவும் சொல்ல வேண்டியதில்ல. எனக்குத் தெரிஞ்சு செல்லுல ஆரம்பிக்கிற பேரு அந்தக் கடைக்கு வந்து போறது ஒண்ணுதான்.

உங்கள் பேர் இருக்கிறதுன்னு எழுதுனியே, எத்தனாவதுன்னு எழுதுனியா? எம் பெட்டி. பாண்டிச்சேரியிலேருந்து நான் கொண்டாந்த பெட்டி. அதுல எம் பொண்டாட்டி முன்னாடி நின்னுக்கிட்டு எம் பேருக்கு மேல அவன் பேரப் போட்டிருக்கான். நீயும் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்திருக்க. ஊருல வாறவன் போறவன் எல்லாம் அதப் படிக்கிறான். மேல அவன், கீழ நான். எனக்கு இங்க சோறு எறங்கல. நேத்து ரெண்டு தட்ட ஒடச்சேன், மொதலாளி பிரெஞ்சுல வஞ்சான். எனக்குப் புரியாதுன்னு நெனச்சு வஞ்சான். அது மட்டுந்தான் எனக்குப் புரியும்.

சுரக்குடிக்குப் போனியாமே? பஸ்ஸுல ஒன்னயப் பாத்தேன்னு மரியமுத்து சொல்றான். ரேடியோக்காரன் வீட்டுக்கு நீ எதுக்குப் போகணும்?

முடிவு கேட்டியே, சொல்றேன். ஒயரப் புடுங்கு. பெட்டிய வித்துடு. வாங்க ஆளு இல்லன்னா வெறகுக்காரனுக்குப் போடு. கம்ப்யூட்டரும் வேணாம், ஒரு எழவும் வேணாம். கடையச் சாத்திட்டு அம்மாகிட்ட சாவியக் குடுத்துடு.

இசபெல்லா யாருன்னு கேட்டிருந்த. சொல்ல மாட்டேன்.

சந்தனசாமி

*

காரைக்கால்
22-4-1986

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

ஒயரைப் பிடுங்கவில்லை. முதலில் இதைக் கடைசிவரை படியுங்கள், எழுத்துக் கூட்டியே படியுங்கள், பரவாயில்லை.

ஏரோகிராமில் இடம் கொஞ்சம்தான். "அண்ணன்" இடத்துக்காகப் போனார், வேறு எங்கும் போகவில்லை. இந்தக் கடிதம் முழுக்க அண்ணன் என்றே எழுதுகிறேன், எண்ணிக்கொள்ளுங்கள்.

செல்லையன் அண்ணன் கடைப் பலகையை நீங்கள் பார்த்ததில்லையா? கீழே தமிழ், மேலே இங்கிலீஷ். அவர் பேர் சி, எச் என்று ஆரம்பிக்கிறது. எஸ் என்ற எழுத்தே அவர் பேரில் கிடையாது. மரியமுத்துவின் வீட்டுக்கு எதிரேதான் அவர் தம்பி கடையும் இருக்கிறது, அங்கேயும் பலகையில் செல்லையன் அண்ணன் பேர் அப்படியேதான் எழுதியிருக்கிறது. அவனுக்கு இது தெரியாமல் இருக்காது. வாயைப் பொத்திக்கொண்டானாம்!

ஞாபகம் என்று சொன்னது எனக்கில்லை, பெட்டிக்கு. யார் எத்தனை எடுத்தார்கள், என்ன பேர் போட்டார்கள் என்று பெட்டி வைத்துக்கொள்கிறதே, அதை மெமரி என்கிறார்கள். செல்லையன் அண்ணன் அதை ஞாபகம் என்பார். "இந்தப் பொட்டிக்கு ஞாபகம் போயிடுச்சும்மா" என்றுதான் சொல்வார். நீங்கள் விமானம் ஏறி இரண்டு மூன்று மாதத்திலேயே உள்ளே போர்டில் இருந்த குட்டி பேட்டரி கசிந்து பச்சை பூத்துப்போயிற்று. அதிலிருந்து, கரண்டு நின்றால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். நம் ஊர்க் கரண்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

இதை உங்களுக்கு எழுதாமலேயே இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

முதல் தடவை கரண்டு போய் வந்தபோது மேலே உங்கள் பேர் இருந்த இடத்தில் வெறும் சைபராக இருந்தது. பயல்கள், "அக்கா, அண்ணன் பேரு அழிஞ்சு போச்சு" என்று கத்தினார்கள். விளையாட்டுக்குத்தான் கத்தினார்கள். எனக்கு அது விளையாட்டாக இல்லை. பேரை எப்படியாவது திரும்பப் போடலாம் என்றால், அந்தப் பெட்டி கெட்ட பெட்டி, ஆடி எடுத்தவருக்குத்தான் எழுத்துப் போட விடுகிறது. அதுவரை நான் அந்த ஸ்டிக்கைத் துணி போட்டுத் துடைத்திருக்கிறேன், பிடித்ததில்லை.

மத்தியானம் வீதி சோறு தின்றுவிட்டுப் படுக்கிற நேரத்தில் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு ஆடினேன். முதலில் பூச்சி என்னைத்தான் கொன்றது. கை காய்த்துப் போயிற்று, அத்தை உரல் இடித்த கை என்று நினைத்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டாள். அப்புறம் பூச்சி எந்தப் பக்கத்திலிருந்து வளைந்து வரும் என்பது பிடிபட்டது. ஒரு நாள் உங்கள் எண்ணைத் தொட்டேன். எஸ், ஏ, என் என்று போட்டேன். உங்கள் பேரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. சொல்லக் கூடாது என்றுதான் வளர்த்தார்கள், ஸ்டிக்கைத் தள்ளி ஒவ்வொரு எழுத்தாகப் போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

மறுபடி கரண்டு போகும், பேர் போகும். மறுபடி ஆடுவேன், போடுவேன். நீங்கள் அங்கே இருந்துகொண்டு "எம் பேரு மேல இருக்கா?" என்று எழுதும்போதெல்லாம் "இருக்கிறது" என்று நான் பதில் போட்டேனே, அது ஒவ்வொன்றும் நான் ஆடி எடுத்தது. நீங்கள் எடுத்த எண் எப்போதோ போய்விட்டது.

ஒரு நாள் செல்லையன் அண்ணன் ஸ்டிக்குக்கு எண்ணெய் விட வந்தவர் நான் ஆடுவதைப் பார்த்துவிட்டார். "எதுக்கும்மா இந்தப் பாடு? ஞாபகத்துக்கு ஒரு பேட்டரி வெச்சாப் போதுமே" என்று பழைய டேப் ரிக்கார்டரில் கிடந்ததை எடுத்து வைத்துக் கொடுத்தார். அவர் வீட்டில் சும்மா கிடந்த சாமான், அதனால்தான் காசு வாங்கவில்லை. சுரக்குடிக்குப் போனது, மெட்ராஸ் போர்டு வந்திருக்கிறது, வீட்டு டி.வி.யில் போட்டுக் காட்டுகிறேன் என்று அண்ணன் கூப்பிட்டதால். அவர் வீட்டுக்காரி காசியம்மா, "ஒங்க வீட்டுக்காரரு கடுதாசி போடுறாரா?" என்று கேட்டாள். போடுகிறார் என்றேன். என்ன எழுதுகிறீர்கள் என்பதைச் சொல்லவில்லை.

பேட்டரி வைத்த பிறகு உங்கள் பேருக்குக் காவல் தேவையில்லாமல் போயிற்று. அது பாட்டுக்கு மேலே இருந்தது. மத்தியானம் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கென்று ஒரு ஆட்டம் ஆடினேன். உங்கள் எண்ணைத் தாண்டிப் போய்விட்டது. எழுத்துப் போடு என்று பெட்டி கேட்டது. எஸ், ஈ, எல் போட்டேன்.

நீங்களும் அத்தையும் என்னை ஆரோக்கியம் என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு மீதிப் பேரை மறந்துவிட்டீர்கள். எங்கள் அப்பா வீட்டில் அந்த மீதிதான் எனக்குப் பேர். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியில் முழுதாகத்தான் கையெழுத்துப் போடுகிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் அதை மட்டும் தாண்டிப் போய்விட்டீர்கள்.

மேலே இருப்பதும் நான். அதற்குக் கீழே இருப்பதும் நான். இனி யார் மேல் கோபம் என்று யோசித்து எழுதுங்கள். சாவியை அத்தையிடம் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஆரோக்கியசெல்வி

*

சார்செல்
9-5-1986

ஆரோக்கியத்துக்கு. இல்ல, ஆரோக்கியசெல்விக்கு.

இன்னைக்குக் கத ஒண்ணும் வரல.

மரியமுத்தப் புடிச்சுக் கேட்டேன். "சும்மா ஒங்களக் கொஞ்சம் சூடேத்தலாம்னுதாண்ணே"ங்கிறான். அவன் கருவாட்ட அவன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். பாதிதான் இருந்துச்சு.

செல்லையன் மேல இப்ப எனக்கு ஒண்ணும் இல்ல. பாத்தா நான் கேட்டேன்னு சொல்லு. இப்ப எனக்குப் பொறாம ஒம் மேலதான். இத யார்கிட்ட சொல்றது? எம் பேரு இருக்கு, இருக்குன்னு நெனச்சுத்தான் இந்தக் குளிர்ல தட்டு கழுவுனேன். ஊருல எனக்குன்னு ஒரு எடம் மேல இருக்குதுன்னு. அது நான் எடுத்ததே இல்லங்கிற. நீ எனக்காக எடுத்தேங்கிற. அதுக்குச் சந்தோசப்படணும்னு தெரியுது. பட்டேன். ஆனா அதோட நீ நிறுத்தலையே, தாண்டிப் போயிட்டியே. எவ்வளவு தாண்டுனேன்னு எழுதல. எழுதாத. ராத்திரி பூரா அந்தப் பூச்சி எந்தப் பக்கம் வளையும்னு நெனச்சுப் பாத்தா, எனக்கு மறந்துபோச்சு.

போர்ட மாத்தாத. கம்ப்யூட்டரும் வேணாம், புது போர்டும் வேணாம். நான் லீவுல வந்து ஒன் நம்பரத் தாண்டுறேன், அப்பறம் எத வேணா மாத்திக்க. அதுவரைக்கும் அந்தப் பூச்சி அப்புடியே எறங்கட்டும்.

இசபெல்லாவுக்கு எங்க அம்மா வயசு இருக்கும். புருசனும் இங்கதான் ரொட்டி போடுறாரு. மொதல்லயே எழுதியிருக்கலாம். நீயும் கொஞ்சம் எரியட்டும்னு விட்டுட்டேன்.

சந்தனசாமி

*

காரைக்கால்
25-6-1986

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

மாங்கனித் திருவிழா முடிந்தது. வீதியெல்லாம் இன்னும் மாம்பழ வாசனை. சாமி ஊர்வலம் போகும்போது மாடியிலிருந்து எறிந்த பழம் ஒன்று அத்தையின் முந்தானையில் நேராக விழுந்தது, அந்தப் பெருமையில் இருக்கிறாள்.

இசபெல்லா அம்மாவின் வயசை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் நான் பிரான்ஸ் கம்ப்யூட்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம் நிதானமாக விசாரித்திருப்பேன். எரிந்தது உண்மைதான். நீங்கள் ஞாபகத்தைத் தப்பாகப் படித்தது எனக்கு உங்கள் முதல் பதிலிலேயே புரிந்துவிட்டது. உடனே சொல்லியிருக்கலாம். நீங்களும் கொஞ்சம் எரியட்டும் என்றுதான் நானும் சொல்லவில்லை.

உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. போர்டை மாற்றிவிட்டேன். நீங்கள் லீவில் வருகிறவரை அந்தப் பூச்சியே இறங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் வரும்போது கடை இருக்காது. வெளியே பெட்டி அதே பெட்டி, நீங்கள் லாரியில் கொண்டுவந்ததுதான். உள்ளே இப்போது ஒருத்தன் மோட்டார் சைக்கிளில் பள்ளம் பள்ளமாகத் தாண்டிக்கொண்டு போகிறான். திருவிழாவுக்கு வந்த கூட்டம் மாதா கோயில் வாசல்வரை நின்றது. இப்ராஹிம் பாயே வந்து வரிசையில் நின்றார். "என்ன பாய், வேவு பாக்க வந்தீங்களா?" என்றேன். "இல்ல தங்கச்சி, ஆட வந்தேன்" என்றார். மூன்றாவது பள்ளத்தில் விழுந்தார்.

பழைய போர்டை விற்கவில்லை. செல்லையன் அண்ணன் கழற்றிக் கொடுத்ததை உங்கள் நீலக் கைலியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். பேட்டரி அதிலேயே இருக்கிறது, அதனால் அதற்கு ஞாபகமும் இருக்கிறது. நீங்கள் வந்ததும் ஒரு மத்தியானம் அதை மறுபடி மாட்டித் தருகிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். ஆடுங்கள். காசு போட்டுத்தான் ஆட வேண்டும், வீட்டுக்காரர் என்று ஓசி கிடையாது. பூச்சி எந்தப் பக்கம் வளையும் என்று கேட்டால் சொல்வேன். கேட்டால்தான் சொல்வேன்.

பீரோவுக்குள் இருட்டில் மேலே நானும் கீழே நீங்களும் இருக்கிறோம். பேட்டரி ரொம்ப காலம் தாங்காது என்கிறார் அண்ணன். அது தீர்வதற்குள் வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
செல்வி